மருந்தடிக்க வந்தவர்கள்

அன்பின் ரீச்சர்,

இலங்கையில் போர் முடிந்து இத்தனை வருடமாகியும் பாதுகாப்புக்கு இவ்வளவு ஒதுக்குவது ஏன், அதில் ஒரு பங்கைக் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் திருப்பக்கூடாதா என்று சென்ற கிழமை எழுதியிருந்தீர்கள். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை.

நான் மூதூர். 2006 ஓகஸ்டில் எங்கள் ஊர்ச் சனம் கந்தளாய்க்கு ஓடியபோது எனக்கு நாலு வயது. உம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்ததாகச் சொல்லுவா. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்தோம். காவல் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் படிப்பு நடக்காது, சனம்தான் பாய் விரித்துப் படுக்கும். 2011 வெள்ளத்தில் எங்கள் தெருவுக்குள் படகு கொண்டுவந்தவர்களும் நேவிக்காரர்தான்.

மத்திய அமெரிக்காவில் உள்ள கொஸ்தாரிக்கா படையைக் கலைத்தது என்கிறீர்கள். அதற்குப் பின்னால் அமெரிக்கா நின்றது. எங்களுக்குப் பின்னால் யார்? வளர்ந்துவரும் ஒரு நாடு படையைக் குறைத்தாலும், மிச்சப்படும் காசு பிள்ளைகளுக்குத்தான் போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நேராகப் பதில் சொல்லுங்கள் ரீச்சர்.

இப்படிக்கு,
மூதூர் வாசகன்

அன்பின் தம்பி,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். உம்மா நடந்த பாதையை வைத்துக்கொண்டு உங்களோடு வாதாட எனக்கு மனமில்லை. அந்தப் பயம் உண்மையானது. அதே வருடம் சித்திரையில் உங்கள் பக்கத்துச் சம்பூர்ச் சனமும் ஓடியது. அவர்களில் பலர் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் ஒன்பது, பத்து வருடம் இருந்தார்கள். சண்டை ஓய்ந்த பிறகும் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஊர் கடற்படை முகாமுக்கும் அனல்மின் நிலையத்துக்கும் என்று அடைபட்டுக் கிடந்தது. 2015இலும் 2016இலும்தான் காணிகள் கட்டங்கட்டமாகத் திரும்பின. ஒரு குடும்பம் தன் வயலை ஒன்பது வருடம் விதைக்க முடியாமல் விட்டால், அந்த நெல் எந்தப் பாதீட்டிலும் பாதுகாப்புச் செலவாக எழுதப்படுவதில்லை. திருகோணமலையில் இருந்துகொண்டு இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கொஸ்தாரிக்கா பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1948 டிசம்பரில் படையைக் கலைத்தார்கள், அடுத்த வருட அரசியலமைப்பில் எழுதியும் வைத்தார்கள். 1955இல் நிக்கரகுவாப் பக்கமிருந்து படையெடுப்பு வந்தபோது அமெரிக்க நாடுகள் அமைப்பு கைகொடுத்தது. நமக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. சரி. நான் அந்த நாட்டை எடுத்ததற்குக் காரணம் வேறு. கல்விக்கு எவ்வளவு என்பதை அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதம். அண்மையில் அதை எட்டாமல் விடுகிறார்கள். ஆனாலும் அங்குள்ள மாணவனுக்குக் கேட்பதற்குக் கையில் ஒரு எண் இருக்கிறது. இங்கே 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் 6 சதவீதம் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம்முடைய செலவு இன்னும் 2 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது.

கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023 வரவு செலவுத் திட்டத்தில் படைகளுக்கும் பொலிசுக்கும் சேர்த்து 500 பில்லியன் ரூபாவுக்கு மேல் ஒதுக்கினார்கள். இதைக் கல்வி அமைச்சின் எண்ணோடு நேரே வைத்து ஒப்பிடுவது கொஞ்சம் ஏமாற்றும். பெரும்பாலான ஆசிரியர்களின் சம்பளம் மாகாண சபைக் கணக்கில் போகிறது. நானே அந்தக் கணக்கில்தான் சம்பளம் எடுத்தேன். உற்பத்தியில் பங்காகப் பார்த்தால் பாதுகாப்புச் செலவு 2009க்குப் பிறகு குறைந்தும் இருக்கிறது. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் பேசுகிறேன். எனக்குப் பொறுக்காதது வேறொன்று. அதற்கு என் சின்ன வயதுக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு மலேரியா நுளம்புக்கு மருந்தடிக்க வருவார்கள். முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு, காக்கிக் காற்சட்டையோடு மூன்று, நாலு பேர். அம்மா சட்டி பானையெல்லாம் முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சாக்கால் மூடுவா. அந்த மலத்தியன் மருந்தின் நாற்றம் ஒரு கிழமைக்குப் போகாது, சோற்றிலும் அடிக்கும். சுவரில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக் கிடக்கும். போகும்போது கதவுக்குப் பின்னால் சோக்கட்டியால் திகதி போட்டுவிட்டுப் போவார்கள். காய்ச்சல் என்றால் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு பொட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு போவார் ஒருவர். குளோரோகுயின் குளிசையின் கசப்பு இந்தப் பக்கத்தில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு இன்றும் நாக்கில் இருக்கும்.

பெரியவளான பிறகுதான் அந்தக் கதையின் முன்பகுதியைப் படித்தேன். டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்து அடித்து 1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் மலேரியாக்காரர் 17 பேர் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பதினேழே பேர். நோய் தொலைந்தது என்று தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. போதாததற்கு நுளம்பும் டிடிடிக்குப் பழகத் தொடங்கியது. 1968, 69இல் மலேரியா திரும்ப வந்தது. 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல். என் அம்மா சட்டி பானை தூக்கியது அந்தத் தவறுக்குப் பின்னான வருடங்களில்.

அதன் பிறகும் நாற்பது வருடம் எடுத்தது. 1999இல் நோயாளிகள் இரண்டரை இலட்சத்துக்கு மேல், 2008இல் ஆயிரத்துக்கும் கீழ். இது போர் நடந்துகொண்டிருந்த காலம் தம்பி. வடக்கிலும் கிழக்கிலும் சோதனைச் சாவடி கடந்து வலையும் மருந்தும் கொண்டுபோய் அந்த வேலையைச் செய்தார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. அதே வருடம் டிசம்பரில் மன்னாரில் புதுவகை மலேரியா நுளம்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆள் வைத்துத் தேடிக்கொண்டிருந்ததால்தான் அது கண்ணில் பட்டது.

இப்போது மற்றப் பக்கத்தைப் பாருங்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. 2023 சனவரியில் அரசாங்கமே சொன்ன கணக்கு: இராணுவத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி 200,783. அதை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்போம் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பும் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்த பிறகுதான் வந்தது. எதிரி திரும்ப வந்தால் என்ற ஒரு கேள்வி பதின்மூன்று வருடத்துக்கு மேல் அவ்வளவு பெரிய படையைத் தாங்கி நின்றது. பதினேழு நோயாளி என்றதும் மருந்தடிப்பவர்களை நிறுத்திய நேரத்தில் அதே கேள்விக்கு அந்தப் பலம் இருக்கவில்லை. என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. இருவரும் காவல்காரர்தான். ஒருவருக்கு அமைதி வந்தால் வீட்டுக்குப் போ என்கிறோம், மற்றவரிடம் அமைதியைக் காக்க நீ இருந்தாக வேண்டும் என்கிறோம்.

பாகிஸ்தானின் நிதியமைச்சராக இருந்த மஹ்பூப் உல் ஹக் ஐக்கிய நாடுகளுக்காக 1990இல் மனித அபிவிருத்தி அறிக்கையைத் தொடங்கினார். 1994 அறிக்கையில் மனிதப் பாதுகாப்பு என்ற சொல்லை நடுவில் வைத்தார்கள். பசி, நோய், வேலை போவது, வீட்டுக்குள் அடி வாங்குவது, இவற்றிலிருந்து காப்பதும் பாதுகாப்புத்தான் என்பது அதன் சாரம். இந்தியாவும் பாகிஸ்தானும் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில், அதில் ஒரு நாட்டின் பணப்பெட்டியைக் கையில் வைத்திருந்தவர் அவர். அதனால் அவர் சொன்னதை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாடு கடனில் விழுந்த 2022இன் ஓகஸ்டில் என் தங்கைக்கு ஒரு சத்திரசிகிச்சை. எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம், அன்றைக்கு எல்லா இடமும் ஒன்றுதான். தாதி ஒரு துண்டு தந்தா. யாரோ பிள்ளையின் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதியது. கையுறை இரண்டு சோடி, தையல் நூல், ஊசி மருந்து நாலு. “வெளியால வாங்கிக்கொண்டு வாங்கோ” என்று சொல்லும்போது அந்தத் தாதி என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாவது கடையில்தான் நூல் கிடைத்தது. வெடிமருந்துக் களஞ்சியம் வெறுமையானால் அதை நாட்டுக்கு ஆபத்து என்பார்கள். மருந்துக் களஞ்சியம் வெறுமையானபோது அதற்குத் தட்டுப்பாடு என்று பெயர் வைத்தோம்.

இனி, ஆட்களைக் குறைப்பது பற்றி. கந்தளாய் போகும் பஸ்ஸில் ஒருநாள் பக்கத்தில் ஒரு இராணுவப் பிள்ளை. லீவில் வீட்டுக்குப் போகிறான். ஊர் பொலன்னறுவைப் பக்கம் மெதிரிகிரிய. மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி, வெள்ளைச் சப்பாத்து, நங்கிக்கு, அதாவது தங்கைக்கு என்றான். மூடியைத் திறந்து, அளவு சரியாக இருக்குமா என்று என்னிடம் கேட்டான். தங்கை ஏழாம் வகுப்பு. அப்பாவுக்கு வயல் கடன். இவன் சம்பளத்தில்தான் கழிகிறது. ஆமிக்கு வராவிட்டால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். கொழும்பில் மேசனுக்குக் கையாள் என்றான்.

இலங்கையில் படை ஒரு வேலைத் திட்டமாகவும் இருக்கிறது, வறிய சிங்களக் கிராமங்களுக்கு முக்கியமாக. பாதுகாப்புச் செலவில் மிகப் பெரிய பங்கு சம்பளமும் சாப்பாடும் உடுப்பும்தான். அதனால் ஆயுதம் வாங்குவதை நிறுத்து என்று கோஷம் போட்டு இங்கே பெரிதாக ஒன்றும் மிச்சப்படாது. அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி, அவன் சம்பளத்தைக் கடன் வட்டிக்குக் கட்டினால், மூதூருக்கும் ஒன்றுமில்லை, மெதிரிகிரியவுக்கும் ஒன்றுமில்லை. நங்கியின் சப்பாத்துத்தான் இல்லாமல் போகும்.

நீங்கள் கேட்ட உத்தரவாதம் இன்றைக்கு இல்லை என்பதே என் நேரான பதில். அரசின் வருமானத்தில் பெரும்பகுதி வட்டிக்குப் போகிற நாட்டில், மிச்சம் தானாக வகுப்பறைக்கு வந்து சேராது. குறைப்பை அறிவிக்கும்போதே, கழியும் ஒவ்வொரு ஆயிரம் பேருக்கும் பதிலாக எத்தனை குடும்பநல உத்தியோகத்தர், எத்தனை பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எத்தனை கணித ஆசிரியர், எந்தப் பிரதேசத்தில் என்று எழுதித் தர வேண்டும். ஆட்களைத் துரத்தத் தேவையில்லை, ஓய்வு பெறுபவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டாலே போதும். இருப்பவர்களில் விரும்புகிறவர்களுக்கு வேறு தொழில் பழக்கலாம். நேவிக்காரர் கொண்டுவந்த படகை நானும் மறக்கவில்லை. அவர்களில் சிலரையும் சில படகுகளையும் மூதூர்ப் பிரதேச செயலகத்தின் கீழ் நிரந்தரமாக விட்டால், வருடா வருடம் மாரி வருகிற ஊருக்கு அது எவ்வளவு பெரிய உதவி. சீனக்குடாவில் விமானப்படை உல்லாச விடுதி நடத்த முடிகிறது என்றால் இதையும் செய்ய முடியும்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். கந்தளாயில் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களில் இரவில் எதை நினைத்துப் பயந்தா என்று உம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். ஷெல் முதலில் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கு அடுத்ததாக எதைச் சொல்கிறா என்று பாருங்கள். கிளிவெட்டி முகாமில் இருந்த ஒரு தாயிடம் நான் இதே கேள்வியைக் கேட்டபோது, சின்னவனுக்கு வயிற்றால் போய்க்கொண்டே இருந்ததை, கிளினிக் நாள் வரும்வரை எண்ணி எண்ணிக் காத்திருந்ததைச் சொன்னா.

அன்புடன்,
ரீச்சர்
திருகோணமலை