மனைவியின் சேவைக்காலப் பணத்தை எதில் போடலாம்?

கேள்வி: இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். 24 வருடங்களுக்கு முன் சவுக்கு மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். எனக்கு இப்போது 56 வயது. கொழுந்து பறிக்கும் மனைவி 28 வருட சேவையோடு அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். வரும் காசில் லயத்து வீட்டை (தோட்டத்து வரிசை வீடு) இழுத்துக் கட்டச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். நிதி நிறுவனத்தில் போட்டால் கூடுதல் வட்டி என்கிறான் மகன். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, வீட்டையும் வட்டியையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் தோளைப் பற்றிப் பேசுவோம். கால்கள் செய்ய வேண்டிய வேலையை 24 வருடமாக உங்கள் கைகள் செய்கின்றன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் அவற்றின் பலத்தில்தான். வயதாக ஆகத் தோள் வலிக்கும், தோல் மெலியும், படுக்கைப் புண் சுலபமாக வரும். உங்களைத் தாங்கிப் பிடிக்கும் மனைவியின் முதுகும் 28 வருடம் கொழுந்து சுமந்த முதுகு. அதனால் முதல் செலவு இதற்குத்தான்: நாற்காலிக்கு நல்ல குஷன், கட்டிலை நாற்காலி உயரத்துக்குக் கொண்டுவருவது, வாசலில் சாய்தளம், மலசலகூடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. புண் ஆழமாகிவிட்டால் மாதக்கணக்கில் வார்டில் கிடக்க நேரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், சரி. போய்வர ஆட்டோ ஹயரை யார் கொடுப்பது?

இனி வரவேண்டிய பணம். சேவைக்காலப் பணம் நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 28 வருடத்துக்கு 392 நாள், கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். விலகி 30 நாளுக்குள் தோட்டம் அதைக் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதி (EPF) வேறு, ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) வேறு. இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். பின்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடையாள அட்டையிலும் தோட்டப் பதிவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஓர் எழுத்து மாறியதற்காக அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லயம் நிற்கும் நிலத்துக்கு உங்களிடம் உறுதிப் பத்திரம் உண்டா? இல்லையென்றால் அங்கே பெரிதாகக் கட்ட வேண்டாம். மிச்சத்தை அரச வங்கியில், மனைவி பெயரிலேயே, மாதா மாதம் வட்டி தரும் நிரந்தர வைப்பில் போடுங்கள். ஆறு மாதச் செலவுக்கானது மட்டும் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மகனிடம் இதைச் சொல்லுங்கள்: ஒரு நிறுவனம் விழுந்தால் வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 11 லட்சம் ரூபாய். மத்திய வங்கி அனுமதி இல்லாத இடமென்றால் அதுவும் இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு இன்னும் வரவில்லையென்றால் கிராம சேவகரைப் பார்த்துப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். அப்புறம், அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் தோளையும் காட்டுங்கள்.