முதல் புத்தகம் வந்துவிட்டது, மைக் முன்னால் குரல் நடுங்குகிறதே?

கேள்வி: என் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து ஒரு கூட்டத்தில் 10 நிமிடம் பேச வேண்டும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்குக் குரல் நடுங்கும், கையிலிருக்கும் தாள் படபடவென்று ஆடும். இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேரலாமா? மேடையில் பாடும் நண்பர், ஏறுவதற்கு முன் ஒரு மாத்திரை போட்டால் போதும் என்கிறார். போடலாமா?

பதில்: நண்பர் கொடுக்கும் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். வகுப்புக்கும் பணம் கட்டிவிடாதீர்கள். மூன்று வாரத்தில் நீங்கள் பேச்சாளராக மாற முடியாது, மாறவும் வேண்டாம். உங்கள் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நன்றாக வாசிக்கவும், அந்தக் கதை எப்படி வந்தது என்று நாலு வார்த்தை சொல்லவும் தெரிந்தால் போதும். இதற்கு மூன்று வாரம் தாராளம்.

மேடையில் நிற்கும்போது உடம்பில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. நெஞ்சு வேகமாக அடிப்பதும் வாய் வறண்டுபோவதும் விரல் நடுங்குவதும் அதனால்தான். பெரும்பாலானவர்களுக்குப் பேச ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு நிமிடம்தான் இதன் உச்சம், அப்புறம் தானாகவே இறங்க ஆரம்பித்துவிடும். ஆனால் புது எழுத்தாளர்களில் முக்கால்வாசிப் பேர் சரியாக அந்த நேரத்தில்தான் இருப்பதிலேயே கஷ்டமான வேலையில் இறங்குகிறார்கள், அதாவது மேடையில் இருப்பவர்கள் பெயரை எல்லாம் ஞாபகத்திலிருந்து வரிசையாகச் சொல்லி நன்றி கூறுவது. ஒரு பெயர் விட்டுப்போகும், முகம் வெளுக்கும், மீதிப் பேச்சும் அதோடு போச்சு. நீங்கள் வணக்கம் சொன்ன கையோடு புத்தகத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்துவிடுங்கள். உடம்பு அடங்குகிற வரைக்கும் நீங்கள் எழுதிய வரிகள் உங்களைத் தாங்கும். நன்றி கடைசியில் சொன்னால் போதும், அதையும் ஒரு அட்டையில் எழுதி அந்தப் பக்கத்திலேயே செருகி வையுங்கள்.

தாள் ஆடுவது பற்றிக் கேட்டீர்கள். மெல்லிய தாள் கையின் சின்ன நடுக்கத்தைப் பத்து மடங்காக்கிக் காட்டும், மைக் பக்கத்தில் இருந்தால் சலசலப்பும் கேட்கும். புத்தகம் ஆடாது. புத்தகத்தின் அட்டையை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தைத் தாழ்வாகப் பிடித்துக் குனிந்து படித்தால் வாய் மைக்கை விட்டு விலகிவிடும், குரல் பாதியாகிவிடும். கடைசி வரிசையில் இருப்பவர் "கேட்கலை" என்று சொன்னால் இருந்த தைரியமும் போய்விடும்.

எந்தப் பக்கத்தை எடுப்பது? உச்சக்கட்டம் வேண்டாம். இரண்டு வாக்கியத்தில் முன்கதை சொல்லிவிட முடிகிற, இரண்டு பேர் பேசிக்கொள்கிற இடமாகப் பாருங்கள். பென்சிலை எடுத்து மூச்சு விடும் இடங்களில் கோடு போடுங்கள். நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும், நீங்கள் ஆசையாக எழுதிய ஆறு வரி வாக்கியத்தில் நாலாவது வரியிலேயே மூச்சு தீர்ந்துபோய், வினைச்சொல் வரும்போது குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும், கேட்பவருக்கு யார் என்ன செய்தார் என்பதே போய்ச் சேராது. அந்த வாக்கியத்தை வாசிப்புக்காக இரண்டாக உடையுங்கள், தப்பில்லை. "என்றான்", "என்றாள்" வரும் இடங்களில் பாதியை அடித்துவிடுங்கள், குரலே யார் பேசுகிறார் என்று காட்டிவிடும். நாக்கு புரளும் சொற்களுக்கு அடியிலும் ஒரு கோடு. பிறகு தினமும் ஒருமுறை நின்றுகொண்டு சத்தமாக வாசித்து ஃபோனில் பதிவுசெய்து கேளுங்கள். மனதுக்குள் படிப்பது பயிற்சியே ஆகாது. நாலு நிமிடம் வாசிப்பு, நாலு நிமிடம் பேச்சு, மிச்சத்தைக் காலியாக விட்டுவிடுங்கள், யாராவது ஒருவர் அதைத் தின்றுவிடுவார்.

குரல் நடுங்கினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பது உங்கள் அடுத்த பயம். உங்களுக்கு உள்ளே தெரிகிற அளவு வெளியே தெரியாது. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம் நாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்று முன்கூட்டியே விளக்கிச் சொல்லப்பட்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அந்த விஷயம் தெரிந்ததே அவர்களுக்குத் துணையாக இருந்தது. நீங்களும் இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

சரி, அந்த வகுப்பு. போய் உட்கார்ந்ததும் "பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொல்லுக்கு வெறும் 7 சதவீதம்" என்பார்கள். ஆல்பர்ட் மெராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட சோதனைகளில் இருந்து பிய்த்து எடுத்த கணக்கு அது. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்கவைத்து, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகள். உணர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்று அவரே சொல்லிவிட்டார். சொல்லையே நம்பி வாழும் ஒரு எழுத்தாளரிடம் சொல்லுக்கு 7 சதவீதம் என்று சொல்லிக்கொடுப்பவருக்கு எதற்குப் பணம் தர வேண்டும்?

இதைவிட மோசமான ஒரு கூட்டம் இருக்கிறது, புத்தகம் வந்த மாதத்திலேயே உங்களைத் தேடி வரும். "உங்கள் நூல் தேர்வாகியிருக்கிறது, எங்கள் மேடையில் பேச அழைக்கிறோம்" என்று செய்தி வரும், நாலு நாள் கழித்துக் கட்டண விவரம் வரும், சான்றிதழும் விருதும் புகைப்படமும் அதிலேயே அடக்கம். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அப்படிப் பணம் கட்டிப் போயிருக்கிறார். அரங்கில் இருந்த அத்தனை பேரும் அவரைப் போலவே பணம் கட்டிய எழுத்தாளர்கள், அவரவர் தாளைப் புரட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தவர்கள். அவர் பேசியதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் எந்த மேடையும் ஏறவில்லை, தனக்குப் பேச வராது என்று முடிவே கட்டிவிட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார் அழைத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பேசுபவர்களைத் தவிர யார் கேட்க வருகிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். நண்பர் சொல்வது அநேகமாக ப்ரொப்ரனலால் வகை. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தருகிற மருந்து அது. நெஞ்சு படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், மனதில் உள்ள பயத்தைத் தொடாது. ஆஸ்துமா உள்ளவர் போட்டால் மூச்சுக்குழாய் இறுகி ஆபத்தாகலாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கும் ஆகாது. அதனால் பொதுவாக வேண்டாம் என்பேன், ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். உங்களுக்கு மேடை மட்டும்தான் பயமா, இல்லை எதிரே ஆள் இருந்தாலே பயமா? கூட்டத்துக்குப் பல வாரம் முன்பிருந்தே தூக்கம் இல்லை, அலுவலகத்தில் நாலு பேர் இருக்கும் அறைக்குப் போகவே தயக்கம், ஃபோனை எடுக்கவே முடியவில்லை, இதற்காகவே வேலையை, உறவுகளைத் தவிர்க்கிறீர்கள் என்றால் அது வெறும் மேடைப் பயம் இல்லை. நான் சொன்ன பென்சில் கோடுகள் அதற்குப் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, பேச்சு வழிச் சிகிச்சைகள் இதற்கு நன்றாகவே வேலை செய்கின்றன. அவர் பரிசோதித்து மாத்திரை எழுதிக்கொடுத்தால் தாராளமாகப் போடலாம், ஆனால் முதல் மாத்திரையை கூட்டத்தன்று போடாதீர்கள், சாதாரண நாளில் ஒருமுறை போட்டு எப்படி இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கு அந்த அளவுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

பதிப்பாளர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. புத்தகத்தை அச்சடித்து முடித்ததும் விற்கிற வேலையை எழுத்தாளர் தலையில் கட்டிவிடுகிறார்கள், ஆனால் அவரைத் தயார்ப்படுத்த ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. பத்து நிமிடம் என்பார்கள், முன்னால் பேசியவர்கள் நேரத்தைத் தின்ற பிறகு "ரெண்டே நிமிஷத்துல முடிச்சுக்குங்க" என்று காதில் சொல்வார்கள். ஆகவே வாசிப்பு மட்டும் கொண்ட இரண்டு நிமிட வடிவம் ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். இன்றைக்கே பதிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள்: எனக்கு முன்னால் எத்தனை பேர் பேசுகிறார்கள், மைக் கையில் பிடிப்பதா ஸ்டாண்டில் இருப்பதா, கேள்வி நேரம் உண்டா? கையில் பிடிக்கும் மைக் என்றால் புத்தகம் ஒரு கைக்கு வந்துவிடும், மறுபடி நடுங்கும், ஸ்டாண்ட் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கேள்வி நேரம் உண்டு என்றால் "இது உங்கள் சொந்தக் கதையா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார், அதற்கு மட்டும் பதிலை இப்போதே எழுதி வையுங்கள்.