கோயில் மலரில் இராசேந்திர சோழன்: கடாரம் பெகுவா?

வணக்கம் ஐயா. குடமுழுக்கு மலரில் "இராசேந்திர சோழன் வென்ற கடாரம் நம் பெகுதான்" என்று போடலாமா, அச்சகம் அவசரப்படுத்துகிறது என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். கடாரம் என்பது பர்மாவின் பெகு நகர் (இன்றைய பகோ) என்று பழைய ஆய்வாளர்கள்தான் சொன்னார்கள். கடாரம் மலேசியாவின் கெடா. 1025 வாக்கில் நடந்த படையெடுப்பு சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் மேல். கல்வெட்டுகளில் மன்னன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியில் வரும் மாப்பப்பாளம் என்ற இடத்தை மட்டும் சிலர் கீழ்ப் பர்மாவில் வைக்கிறார்கள்.

சின்ன வயதில் நானும் பெகு என்று கேட்டே வளர்ந்தவன்தான். ரங்கூனில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள்!

அதற்குப் பதில் பர்மாவின் பழைய தலைநகரான பாகனில் கிடைத்த கல்வெட்டைப் போடுங்கள். 13ஆம் நூற்றாண்டு, அங்கே மியின்கபா ஊர்ப் பக்கம் கிடைத்தது. மேலே கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சுலோகம், கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதயர் பட்டினத்திலிருந்து, அதாவது கேரளத்தின் இன்றைய கொடுங்கல்லூரிலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், பாகனில் இருந்த நானாதேசி விண்ணகர் என்ற விஷ்ணு கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, ஒரு நிலைவிளக்கும் வைத்திருக்கிறார். பாகனுக்கு அதில் 'புக்கம்' என்று பெயர். நானாதேசி என்றால் பல நாட்டு வணிகர் கூட்டம். படையோடு வந்தவர்கள் இல்லை, சரக்கோடு வந்தவர்கள். நம் தாத்தாக்கள் மாதிரி.

அப்புறம் ஒன்று, படத்துக்குப் பாகனில் இருக்கும் நத்லாங் சவுங் விஷ்ணு கோயிலைப் போட்டால், "கல்வெட்டில் வரும் கோயில்" என்று கீழே எழுதிவிடாதீர்கள்; இரண்டும் ஒன்றுதான் என்பது உறுதியில்லை.