வெளிநாட்டில் ஃபிளாட்: பணம் கட்டிய பிறகு வந்த கேள்விகள்

கே: பாங்காக்கில் கட்டி முடித்த காண்டோ (அடுக்குமாடி ஃபிளாட்). அங்கே வேலை பார்க்கும் மைத்துனர் தன் பாட் (தாய்லாந்துப் பணம்) கணக்கிலிருந்து முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். நான் அவர் வீட்டில் கொடுத்து நேர் செய்துவிட்டேன். இப்போது என் பெயருக்கு மாற்ற முடியாது என்று நில அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

ப: சரியாகத்தான் சொல்கிறார்கள். தாய்லாந்தின் 1979 காண்டோமினியம் சட்டப்படி வெளிநாட்டவர் தன் பெயரிலேயே வாங்கலாம். ஆனால் பணம் வெளிநாட்டுக் கரன்சியாக உள்ளே வந்ததற்குத் தாள் வேண்டும். டாலராகவோ வேறு கரன்சியாகவோ அனுப்பி, தாய்லாந்து வங்கியில்தான் பாட்டாக மாற வேண்டும். அனுப்பும் படிவத்தில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் ‘காண்டோ வாங்க’ என்று போட்டு, கட்டடத்தின் பெயரையும் யூனிட் எண்ணையும் எழுதுங்கள். வெறுமனே ‘குடும்பச் செலவு’ என்று எழுதி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. ஒரே தடவையில் 50,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் வெளிநாட்டுக் கரன்சி வந்து மாறியதற்கான எஃப்.இ.டி. படிவத்தை வங்கி தரும். அதற்குக் குறைந்த தொகைக்கு வரவுக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் விற்ற பணத்தை வெளியே எடுக்கும்போதும் இதே தாளைத்தான் கேட்பார்கள்.

இப்போதைக்கு வழி: விற்றவரோடு பேசி, மைத்துனர் கட்டியதை அவர் கணக்குக்கே திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் புதிதாக அனுப்புவது. அதற்கு முன் கட்டட நிர்வாகத்திடம் வெளிநாட்டவர் பங்கில் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். மொத்த விற்பனைப் பரப்பில் 49 சதவீதம்தான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். அது நிறைந்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

கே: மகள் டொராண்டோவில் படிக்கப் போகிறாள். வாடகை கொடுப்பதற்குப் பதில் ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாமா?

ப: முடியாது. வெளிநாட்டவர் வீடு வாங்கக் கனடா போட்ட தடை 2027 ஜனவரி 1 வரை இருக்கிறது. மாணவர் விலக்குக்கு ஐந்து வருடம் அங்கே இருந்து வரிக்கணக்குக் காட்டியிருக்க வேண்டும். இப்போதுதான் போகிறவருக்கு அது உதவாது.

கே: சிங்கப்பூரில் புதிய காண்டோ, 15 லட்சம் சிங்கப்பூர் டாலர். மாதிரி வீட்டைப் பார்த்த அன்றே 5% முன்பதிவுப் பணம் கட்டிவிட்டேன். இப்போது 60% கூடுதல் வரி என்று வக்கீல் பயமுறுத்துகிறார்.

ப: அவர் பயமுறுத்தவில்லை. நீங்கள்தான் கேட்காமல் கட்டியிருக்கிறீர்கள். 2023 ஏப்ரல் 27-லிருந்து வெளிநாட்டவருக்கு இந்த விகிதம்தான், ஊரறிந்த செய்தி. உங்கள் கணக்கில் அது 9 லட்சம் டாலர். வழக்கமான முத்திரை வரி 44,600 தனி. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் இரண்டையும் கட்ட வேண்டும். அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் பாஸ்போர்ட் இருந்தால் கணக்கு வேறு. இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம் கைக்கு வந்து மூன்று வாரத்துக்குள் கையெழுத்திடாவிட்டால் முன்பதிவு காலாவதியாகும். கட்டிய 75,000-இல் கால் பங்கு, அதாவது 18,750 போகும், மீதி திரும்ப வரும். 9 லட்சத்தோடு ஒப்பிட்டால் லாபம்.

கே: கோலாலம்பூர் ஃபிளாட் ஒன்றை ஹோட்டலில் நடந்த கண்காட்சியில் காட்டினார்கள். விலை 12.5 லட்சம் ரிங்கிட். மூன்று வருடத்துக்கு வருடம் 8% வாடகை உத்தரவாதமாம். வங்கி வட்டியைவிட நல்லதுதானே?

ப: இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. வருடம் 8% என்றால் 1 லட்சம் ரிங்கிட், மூன்று வருடத்துக்கு 3 லட்சம். அதே கட்டடத்தில், அதே அளவு வீடு மறுவிற்பனைக்கு என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். 9.5 லட்சம் என்று பதில் வந்தால் கதை முடிந்தது: உங்களிடம் கூடுதலாக வாங்கிய 3 லட்சத்தை உங்களுக்கே மாதாமாதம் திருப்பித் தருகிறார்கள். அதை வாடகை என்று நினைத்து நீங்கள் வரியும் கட்டுவீர்கள்.

இன்னும் கேளுங்கள். உத்தரவாதம் தருவது யார்? பெரும்பாலும் கட்டுமான நிறுவனமே அல்ல, அதற்கென்று தொடங்கிய சின்னக் கம்பெனி. அது இழுத்து மூடினால் யாரைப் பிடிப்பீர்கள்? 8% என்பது பராமரிப்புக் கட்டணமும் பழுதுநீக்க நிதியும் கழிப்பதற்கு முன்பா, பின்பா? உள்ளலங்காரம் அவர்களிடமே செய்ய வேண்டும் என்ற நிபந்தனை எத்தனையாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது? கோலாலம்பூரில் வெளிநாட்டவர் வாங்கக் குறைந்தபட்ச விலை 10 லட்சம் ரிங்கிட். நாளைக்கு உங்கள் வீட்டின் சந்தை விலை 9.5 லட்சம் என்றால் இன்னொரு வெளிநாட்டவருக்கு விற்க முடியாது, உள்ளூர்க்காரர் கேட்கும் விலைக்குத்தான் தள்ளிவிட வேண்டும். நான்காவது வருடம், ஒரே நேரத்தில் உத்தரவாதம் முடிந்த இருநூறு வீடுகளும் வாடகைக்கு ஆள் தேடும். தள்ளுபடிக்கு மயங்கி நான் வாங்கிய டிரெட்மில்லில் துணிதான் காய்கிறது. அதுவாவது மாதாமாதம் பராமரிப்புப் பணம் கேட்பதில்லை.

உத்தரவாதம் வேண்டாம், விலையில் 3 லட்சம் குறையுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் முகம் மாறுவது தெரியும்.

கே: லிஸ்பனிலோ மாட்ரிடிலோ வீடு வாங்கினால் கோல்டன் விசா (முதலீட்டுக்குத் தரும் குடியிருப்பு அனுமதி) கிடைக்கும் என்கிறாரே ஏஜென்ட்?

ப: பழைய துண்டறிக்கையை வைத்துப் பேசுகிறார். வீடு வாங்கி விசா பெறும் வழியைப் போர்ச்சுகல் 2023 அக்டோபரில் மூடியது. ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3-இல் திட்டத்தையே நிறுத்தியது.

கே: லண்டனில் 74 வருடக் குத்தகை மீதமுள்ள ஃபிளாட் மலிவாக வருகிறது. என் ஆயுளுக்குப் போதாதா?

ப: உங்கள் ஆயுளுக்குப் போதும், விற்பதற்குப் போதாது. 80 வருடத்துக்குக் கீழே போன குத்தகையை நீட்டிக்க, அந்த நீட்டிப்பால் வீட்டுக்குக் கூடும் மதிப்பில் பாதியை நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டும். இதை நீக்க 2024-இல் சட்டம் வந்தது. அந்தப் பிரிவு அமலில் இருக்கிறது என்று சொலிசிட்டர் (அங்குள்ள வக்கீல்) எழுதித் தராதவரை அதை நம்பி விலை பேசாதீர்கள். வாங்கி இரண்டு வருடம் கழித்தே நீட்டிக்கலாம் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31-இல் போய்விட்டது. ஆகவே நீட்டிப்புச் செலவை இப்போதே மதிப்பிட்டு விலையில் கழியுங்கள். வழக்கமான முத்திரை வரிக்கு மேல் அங்கே வசிக்காதவருக்கு 2%, உலகில் எங்காவது ஏற்கெனவே வீடு இருந்தால் இன்னும் 5%. உயரமான கட்டடமென்றால் வெளிச்சுவர்த் தீப்பாதுகாப்புக்கான இ.டபிள்யூ.எஸ்.1 படிவத்தையும், மூன்று வருடப் பராமரிப்புக் கணக்கையும் கேளுங்கள்.

கே: விற்பவரின் வக்கீலே எனக்கும் பார்ப்பதாகச் சொல்கிறார். செலவு மிச்சம்தானே?

ப: வேண்டாம்.

கே: துபாயில் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு 1,80,000 திர்ஹாம் அனுப்பினேன். ரசீதில் நிறுவனத்தின் முத்திரை இருந்தது. பணம் போனது புரோக்கரின் கணக்குக்கு. எட்டு மாதமாக எந்தப் பதிவும் என் பெயரில் இல்லை. வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ப: கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. முத்திரையைப் பார்த்து நம்பியதில் குற்றமில்லை. ஆனால் நாள் ஓடுகிறது. துபாயின் 2007-ஆம் ஆண்டு 8-ஆம் எண் சட்டப்படி, கட்டி முடியாத வீட்டுக்கான பணம் அந்தத் திட்டத்துக்கென்றே தனியாக வைக்கும் எஸ்க்ரோ வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். பதிவானால் ‘ஊகூத்’ சான்று உங்கள் பெயரில் வரும். இன்றைக்கே கட்டுமான நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள்: இந்த யூனிட் என் பெயரில் இருக்கிறதா, இந்தப் பணம் வந்ததா, ஆம் அல்லது இல்லை. உங்கள் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோரும் மனு கொடுங்கள். எட்டு மாதம் கழித்து வருவது கடினம்தான், ஆனால் மனு கொடுத்த தாள் பயன்படும். புரோக்கரின் பதிவெண்ணைத் ‘துபாய் ரெஸ்ட்’ செயலியில் சரிபார்த்து, நிலத் துறையிலும் போலீஸிலும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். ரசீது, வங்கிப் பரிமாற்ற நகல், அரட்டைப் பதிவு எல்லாம் தேதிவாரியாக இருக்கட்டும்.

இன்னொரு தவணை கட்டினால் உடனே பதிந்து தருகிறேன் என்று அந்த ஆள் கூப்பிடுவார். போனில் பேசாதீர்கள், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் புகாரோடு போகட்டும்.