மகள் அனுப்பும் பணம் குறைந்ததற்கு பிரெக்சிட்தான் காரணமா?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். 26 வருடம் கொழுந்து பறித்தவர். மூத்த மகள் பர்மிங்ஹாமில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறாள். மாதம் 300 பவுண் அனுப்பிக்கொண்டிருந்தவள் இப்போது 200தான் அனுப்புகிறாளாம். கேட்டால், "இவங்க ஐரோப்பாவ விட்டு விலகினதால சாமான் விலையெல்லாம் ஏறிப்போச்சும்மா" என்கிறாளாம். இளைய மகன் ஹட்டன் பக்கம் ஒரு கார்மெண்டில் வேலை செய்கிறான். மகள் சொல்வது உண்மையா, நமக்குக் கிடைக்கும் ஐரோப்பியச் சலுகை போனால் மகன் வேலை என்னாகும், அவனையும் மூத்த மகளிடமே அனுப்பிவிடலாமா என்பதுதான் அவர் கேள்வி.

மகள் பொய் சொல்லவில்லை. ஆனால் பழி முழுவதையும் பிரெக்சிட் தலையில், அதாவது பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதன் தலையில் போட முடியாது.

பிரித்தானியா 2016 ஜூன் 23இல் வாக்கெடுத்து, 2020 ஜனவரி 31இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. பழைய விதிகள் அந்த வருடக் கடைசிவரை நீடித்தன. அதன்பின் வந்த ஒப்பந்தத்தின்படி, விதிகளுக்கு உட்பட்ட பொருட்களுக்கு இரு பக்கமும் இறக்குமதி வரி கிடையாது. வரியே இல்லை என்றால் விலை ஏன் ஏற வேண்டும்?

அக்காவுக்கு இது நன்றாகவே புரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கிலோவுக்கான கணக்கை யாரும் மாற்றவில்லை. ஆனால் சாக்கு தராசில் ஏறியதும் தண்ணிக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்துத்தான் எழுதுவார்கள். என் அம்மா 19 கிலோ பறித்த நாளில் துண்டில் 16 என்று இருக்கும். 18 வராததால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். பிரித்தானிய எல்லையில் நடப்பதும் இந்தக் கழிவுதான். முன்பு பிரான்சிலிருந்து ஒரு லொறி பாற்கட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவது மாதிரிப் போய் இறங்கியது. இப்போது சுங்கப் படிவம் வேண்டும். 2024 ஜனவரி 31 முதல், இறைச்சி, பால் பொருட்களில் பலவற்றுக்கு அதிகாரபூர்வ மிருக வைத்தியர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். சில சரக்குகளைத் திறந்து பார்க்கவும் செய்கிறார்கள். படிவம் நிரப்புகிறவருக்குச் சம்பளம், காத்துநிற்கும் லொறிக்குக் கூலி. எல்லாம் கடைசியில் கடையில் வாங்குகிறவர் பில்லில்தான் வந்து விழும்.

லண்டன் பொருளாதாரக் கல்லூரி ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். 2019 டிசம்பரிலிருந்து 2023 மார்ச் வரை அங்கே உணவு விலை ஏறக்குறைய 25 வீதம் கூடியது. விலகாமல் இருந்திருந்தால் அதில் 8 வீதப் புள்ளி குறைந்திருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. ஆக, ஏற்றத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் கொரோனா, யுக்ரேன் போர், எரிவாயு விலை. 2022 ஒக்டோபரில் பிரித்தானியப் பணவீக்கம் 11.1 வீதத்தைத் தொட்டபோது, யூரோ நாடுகளிலும் அது 10 வீதத்துக்கு மேல்தான் இருந்தது. சம்பளத்தில் பெரிய பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவிடுகிறவர்களுக்கு உணவு விலை ஏறினால் அடி பலமாக விழும். பராமரிப்பு வேலைச் சம்பளத்தில் வாழும் உங்கள் மகளும் அந்தக் கூட்டத்தில்தான் வருவாள்.

வாழ்க்கைத்தரம் என்பது விலை மட்டுமல்ல, சம்பளமும்தான். அந்நாட்டின் வரவுசெலவைக் கண்காணிக்கும் சுயாதீன அலுவலகம், விலகியதால் நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 வீதம் குறையும் என்று கணித்தது. ஒருவர் உழைப்பில் எவ்வளவு உற்பத்தி கிடைக்கிறது என்பதுதான் உற்பத்தித்திறன், சம்பளம் உயர்வதும் இதைப் பொறுத்ததுதான். இதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இன்றைக்கு இருப்பதில் 4 வீதம் பறிபோகும் என்று அர்த்தமில்லை. அந்த மூன்று கிலோவைக் கழிக்காமல் எழுதியிருந்தால் மாதக் கடைசியில் கையில் எவ்வளவு வந்திருக்கும், அந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறார்கள். வராமல் போன பணம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஐரோப்பிய நாட்டுக்காரர்கள் விசா இல்லாமல் வந்து வேலை செய்யும் உரிமை விலகலோடு முடிந்துபோனது. பராமரிப்பு நிலையங்கள் ஆள் இல்லாமல் திண்டாடின. அந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கத்தான் 2022 பெப்ரவரியில் பராமரிப்பாளர்களுக்கு விசாவைத் திறந்தார்கள். மகளுக்குச் சாமான் விலையை ஏற்றிவிட்ட அதே விலகலுக்கு, அவளுக்கு வேலை கிடைத்ததிலும் பங்கு உண்டு.

அப்புறம், உங்கள் அடுப்படிக் கணக்கில் பிரெக்சிட்டைவிட நம் ரூபாய் செய்த வேலைதான் பெரிது. 2022 தொடக்கத்தில் ஒரு பவுண் 270 ரூபாய் அளவில் இருந்தது. அண்மைக் காலமாக 400ஐ ஒட்டி நிற்கிறது. அன்றைய கணக்கில் 200 பவுண் 54,000 ரூபாய்தான், இன்று ஏறக்குறைய 80,000. ஆனால் இடையில் அரிசியும் கோதுமை மாவும் விற்ற விலையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது.

மகன் விஷயத்துக்கு வருவோம். நாம் எந்த ஒன்றியத்திலும் இல்லை. நம்மிடம் இருப்பது, ஐரோப்பிய ஒன்றியம் நம் பொருட்கள் பலவற்றுக்கு இறக்குமதி வரியைத் தள்ளிவிடும் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற சலுகை. தேயிலைக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை, கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பா எப்படியும் வரி வாங்குவதில்லை. தைத்த உடைக்குத்தான் சலுகை முக்கியம், அது போனால் 9.6 வீதம் வரை வரி விழும். 2010 ஓகஸ்டில் இழந்து 2017 மே மாதம்தான் திரும்பப் பெற்றோம். ஆடைத்துறை அப்போது படுத்துவிடவில்லை. பெரிய நிறுவனங்கள் விலை கூடிய உடுப்புகளுக்கு மாறித் தப்பித்தன, சிறிய தொழிற்சாலைகள்தான் திணறின. ஆகவே மகனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவன் தைப்பது யாருக்குப் போகிறது? அமெரிக்காவுக்கு என்றால் இந்தச் சலுகைக்கும் அவன் வேலைக்கும் நேரடித் தொடர்பில்லை. பிரித்தானியாவுக்கு என்றால், அவர்கள் 2023 ஜூனிலிருந்து தங்களுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள், அதில் நாமும் இருக்கிறோம். ஐரோப்பாவுக்கு என்றால், ஜீ.எஸ்.பி. பிளஸ் செய்தி வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளட்டும்.

அவனை மூத்த மகளிடம் அனுப்பும் யோசனையைக் கைவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பதை பிரித்தானியா 2025 ஜூலை 22இலிருந்து நிறுத்திவிட்டது. "கேர் விசா இருக்கு, முற்பணம் கட்டுங்க" என்று எந்த ஏஜென்சிக்காரர் லயத்துப் பக்கம் வந்தாலும் ஒரு சதம் கொடுக்க வேண்டாம், நகையையும் அடகு வைக்க வேண்டாம்.