எல்லா லொறியும் ஒரே விலை சொன்னால் அது குற்றமா?

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழ் பெரும்போகம் செய்கிறோம். வெட்டு தொடங்கியதும் வருகிற நெல் வியாபாரிகள் எல்லோரும் கிலோவுக்கு ஒரே விலைதான் சொல்கிறார்கள். ஈரத்துக்கென்று கழிப்பதும் ஒரே அளவு. இது பேசிவைத்துச் செய்கிற கூட்டுத்தானே? வெளிநாட்டு நீதிமன்றங்கள் இப்படியானவர்களைத் தண்டித்திருக்கின்றனவாம். அந்தத் தீர்ப்புகள் எங்களுக்குப் பயன்படுமா? (கிளிநொச்சி விவசாயி ஒருவர்)

பதில்: முதலில் நம்முடைய சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தைக் கடைகளில் விலைப்பட்டியல் பார்க்கிற சட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் 35ஆம் பிரிவு போட்டியைக் குறுக்குகிற, திரிக்கிற, தடுக்கிற நடத்தையைப் பற்றியது. பொருள் உற்பத்தி, வழங்கல் ஆகியவற்றோடு கொள்வனவும் அதில் அடங்கும். ஆகவே நெல் வாங்குபவரும் அதற்குள் வருகிறார்.

ஆனால் எந்த நடத்தை அப்படிப்பட்டது என்று அந்தப் பிரிவு பட்டியல் போடவில்லை. அதை வழக்குகள்தான் தெளிவாக்க வேண்டும். இங்கே இந்த வகை வழக்குகள் அரிது என்பதால் சட்டத்தரணிகள் வெளிநாட்டுத் தீர்ப்புகளை எடுத்துக்காட்டுவார்கள். அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்குப் பலம் சேர்க்கும்.

உங்களுக்கு மிக நெருக்கமானது 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த மண்டேவில் ஐலண்ட் ஃபார்ம்ஸ் வழக்கு. வட கலிபோர்னியாவில் சீனிக்கிழங்கு வாங்க மூன்று ஆலைகள்தான் இருந்தன. விதையும் அவர்கள் கையில். பிடுங்கிய கிழங்கை அதிக நாள் வைத்திருக்கவும் முடியாது. மூன்று ஆலைகளும் பேசி ஒரே விலை கொடுக்கத் தொடங்கின. போட்டிச் சட்டம் நுகர்வோரை மட்டுமல்ல, விற்கிறவரையும் காக்கும் என்றது நீதிமன்றம். ஈர நெல்லை றோட்டோரத்தில் கொட்டிவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் ஒரே விலை என்பதே போதுமா? போதாது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தானியக் களஞ்சியத்தில் பூச்சிக்கு வைக்கிற அலுமினியம் பொஸ்பைட் வில்லைகளுக்கு இந்திய உணவுக் கழகம் 2009இல் கேள்விப்பத்திரம் கோரியது. மூன்று கம்பனிகளும் கிலோ 388 ரூபா என்றே எழுதின. அவற்றின் ஆலைகள் வெவ்வேறு இடங்களில், செலவும் வெவ்வேறு. கழக அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டில் மூன்று கம்பனிகளின் பிரதிநிதிகளுக்கும் சேர்த்து ஒரே பதிவு. 2017இல் கூட்டு உறுதியானது. அடுத்த வருடம் காஸ் சிலிண்டர் வழக்கு: அங்கேயும் சிலிண்டர் செய்கிற கம்பனிகள் ஒத்த விலைகளையே எழுதின. ஆனால் வாங்குவோர் மூன்றே எண்ணெய்க் கம்பனிகள், விலையில் அவர்களின் பிடி பெரிது, ஆகவே சந்தை நிலையே காரணமாகலாம் என்று தண்டம் நீக்கப்பட்டது.

ஒரே விலைக்குக் கூட்டைத் தவிர வேறு விளக்கம் உண்டா என்பதுதான் உங்களுக்கான அளவுகோல். நெல் ஒரேயடியாகச் சந்தைக்கு வருகிற நாட்களில் விலை தொலைபேசியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஒரே விலை தானாகவே அமையலாம். வியாபாரிகள் அதைத்தான் சொல்வார்கள். அந்த விளக்கம் நிற்காதபடி ஏதாவது உங்களிடம் இருக்க வேண்டும். பொலன்னறுவையிலிருந்து வந்த லொறியும் பக்கத்து ஆலையும் போக்குவரத்துச் செலவு வேறுபட்டும் சதம்கூட மாறாமல் சொன்னார்களா? கூடுதல் விலை தருவதாகச் சொன்ன வியாபாரி ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு பின்வாங்கினாரா? 'அது அவருடைய ஏரியா, நான் வரமாட்டேன்' என்று எவராவது சொன்னாரா? என் பார்வையில் இந்தக் கடைசி வசனம் பத்து விலைச்சிட்டைகளை விடப் பெறுமதியானது.

ஆகவே இந்தப் போகம் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, வாங்கியவர், லொறி இலக்கம், சொன்ன விலை, கழிவு, நெல் இனம். வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஒருவர் தனியாக எழுதுவதை விடக் கமக்கார அமைப்பில் பலர் எழுதினால் ஒப்பிட முடியும். நெல் சந்தைப்படுத்தும் சபை அப்போது கொள்வனவு செய்ததா, என்ன விலைக்கு என்பதையும் குறியுங்கள். சபை 14 வீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த நெல்லைக் கேட்கும், வியாபாரி ஈரமாகவே ஏற்றுவார். இரண்டு விலையையும் நேராக ஒப்பிட்டால் உங்கள் முறைப்பாடு அங்கேயே சறுக்கும்.

முறைப்பாட்டை யாரும் அதிகாரசபைக்குக் கொடுக்கலாம். 34ஆம் பிரிவின் கீழ் விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. 'விலை குறைவு' என்று எழுதாதீர்கள், சாதாரண விலை முறைப்பாடுகளோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். '35ஆம் பிரிவின்படி கொள்வனவில் போட்டி தடுக்கப்படுகிறது' என்று முதல் வரியிலேயே எழுதி, கொப்பியின் பிரதியை இணையுங்கள்.