எட்டு மணி ரிவியூ – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒன்பது ஆண்டுகளாக வங்கிக் கிளையொன்றில் அதிகாரியாக இருக்கிறேன். தினமும் இரவு எட்டு மணிக்கு ரிவியூ கால். இன்று எத்தனை இன்சூரன்ஸ் பாலிசி பிடித்தாய் என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்றால் வாட்ஸ்அப் குழுவில் நம் பெயர் சிவப்பில் வரும். போன வாரம் எஃப்.டி. போட வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தலையில், வருடாவருடம் பணம் கட்டவேண்டிய ஒரு பாலிசியைக் கட்டிவிட்டேன். இப்போதெல்லாம் வாடிக்கையாளர் படியேறி வந்தாலே எரிச்சல். தூக்கமும் இல்லை. வீட்டில் யோகாவுக்குப் போகச் சொன்னார்கள், போகிறேன். எனக்குத்தான் மனவலிமை போதவில்லையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

யோகாவை விடாதீர்கள், முதுகுக்கு நல்லது. எட்டு மணி அழைப்பை அது என்ன செய்துவிடும்?

இதற்கு பர்ன்அவுட் என்று பெயர். 1974இல் இதைப் பற்றி எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அவர் எழுதியது அங்கே வேலை செய்தவர்களைப் பற்றி. அதில் அவரும் ஒருவர். அக்கறையோடு வேலைக்கு வந்தவர்கள்தான் அதிகம் கருகுகிறார்கள் என்றார். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதை நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை, வேலையிடத்தின் தீராத அழுத்தத்தால் வருவது என்றே வகைப்படுத்தியது. மனவலிமைக் கேள்வியை வட்டார அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

எனக்கு உறுத்தியது அந்த எரிச்சல்தான். வேலைமேலும் அதில் வந்துபோகும் மனிதர்கள்மேலும் வரும் கசப்பு, சோர்வைப் போலவே இதன் முக்கியமான அடையாளம். வேலை அதிகம் என்பதால் மட்டும் அது வருவதில்லை. ஒன்பது வருடம் உங்களை நம்பி வந்தவர்களை ஏமாற்றினால்தான் உங்கள் பெயர் பச்சையில் வரும் என்றால், அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? எரிச்சல்படுவது சுலபம். குற்றவுணர்ச்சியைவிட எளிதாகச் சுமக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? தூக்கத்துக்கு மருத்துவரைப் பாருங்கள். சிவப்புப் பட்டியலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு சங்கத்தில் பேசுங்கள். தனியாகப் போய் மேலாளரிடம் நியாயம் கேட்காதீர்கள், பலன் இருக்காது.

அப்புறம் அந்த ஆசிரியர். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும். போன வாரம்தானே? இன்னும் நாள் இருக்கிறது. அவருக்கு ஒரு போன் போடுங்கள். அன்றைய எட்டு மணிக்குப் பெயர் சிவப்பில்தான் வரும், வரட்டும்.